குலுக்காத குதிரையில் நாட்டுப்புறச் சவாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குதிரைப் பயிற்சியாளர் அல்ல. சிலர் விடுமுறையை மலையேறிக் கழிக்கிறார்கள். நான் குதிரைமேல் கழிக்கிறேன். ஐஸ்லாந்தில் இரண்டு முறை, பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் ஒரு முறை என்று இதுவரை மூன்று நீண்ட சவாரிகள். திரும்பி வந்து படங்களைக் காட்டிய நாளிலிருந்து உறவினர்களும், உடன் வேலை செய்கிறவர்களும், அவர்கள் சொல்லி அறிமுகமானவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அதே பதிலைத் தொலைபேசியில் ஒன்பதாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

குதிரை என்றாலே குலுக்கும். குலுக்காத குதிரை என்று ஒன்று இருக்கிறதா என்ன?

இருக்கிறது. முதலில் ஏன் குலுக்குகிறது என்று பார்த்துவிடலாம். பெரும்பாலான குதிரைகளுக்கு நான்கு விதப் போக்கு உண்டு: நடை, டிராட் எனப்படும் துள்ளோட்டம், கேன்டர் எனப்படும் நிதானமான ஓட்டம், நாலுகால் பாய்ச்சல். எலும்பைக் கழற்றுவது துள்ளோட்டம்தான். அதில் இடது முன்னங்காலும் வலது பின்னங்காலும் சேர்ந்து தரையில் படும். பிறகு ஒரு கணம் நான்கு கால்களும் அந்தரத்தில் இருக்கும். அடுத்த ஜோடி தொப்பென்று விழும். சேணத்தில் இருப்பவரை ஒவ்வோர் அடிக்கும் தூக்கிப்போடுவது அந்த அந்தரம்.

சில இனங்கள் வேகமெடுக்கும்போது துள்ளாமல், நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகவே ஊன்றி ஓடுகின்றன. எந்த நொடியிலும் ஒரு காலாவது தரையில் இருக்கும். அந்தரமே இல்லாதபோது விழுவதற்கும் ஒன்றுமில்லை. தாளக்கட்டில் சொன்னால் எளிதாகப் புரியும்: துள்ளோட்டம் தக, தக, கேன்டர் தகிட, தகிட, இந்தக் குதிரைகள் போவது தகதிமி, தகதிமி. சாதாரண நடைக்கும் தகதிமிதான் தாளம். இவை அதே நடையை ஓட்டத்தின் காலப்பிரமாணத்துக்குக் கொண்டுபோகின்றன. கண்ணை மூடிக்கொண்டு குளம்பொலியைக் கேட்டாலே குதிரை எந்த நடையில் போகிறது என்று சொல்லிவிடலாம்.

இது பழக்கி வருவதா, பிறவியிலேயே வருவதா?

இரண்டும்தான். டி.எம்.ஆர்.டி.3 என்ற மரபணுவில் நேர்ந்த ஒரே ஓர் எழுத்து மாற்றம் இதற்குப் பெரிய காரணம் என்று 2012-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று கண்டறிந்தது. கால்களின் அசைவை ஒருங்கிணைக்கும் முதுகுத்தண்டு நரம்பணுக்களோடு தொடர்புடைய மரபணு அது. பிறந்து சில நாட்களே ஆன குட்டிகள் தாயின் பின்னால் தகதிமி போட்டுக்கொண்டு ஓடுவதைப் புல்வெளியில் பார்க்கலாம். அவற்றுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஆனால் முதுகில் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும், அதே தாளம் தப்பாமல் போவது பழக்கத்தால் வருவது. பிறவியில் குரல் இருந்தாலும் சாதகம் வேண்டும் அல்லவா, அப்படி.

ஒரு சின்னக் கிளைக்கதை. நடுக்கால ஐரோப்பாவில் தொலைதூரம் போகிறவர்கள் இப்படிப்பட்ட குதிரைகளைத்தான் தேடி வாங்கினார்கள். பாதைகள் சீராகி, குதிரை வண்டிகள் பெருகியதும், வண்டியிழுக்கத் தோதான துள்ளோட்டக் குதிரைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வண்டிப் பாதை நெடுங்காலம் எட்டிப்பார்க்காத ஐஸ்லாந்திலும், பெரும் பண்ணைகளை நாளெல்லாம் குதிரைமேல் சுற்றிவர வேண்டியிருந்த அமெரிக்கக் கண்டங்களிலும் பழைய நடை தங்கிவிட்டது. நம் பழைய இலக்கியமும் குதிரைக்கு ஐந்து கதி என்று பேசுகிறது. அவற்றில் எது இன்றைய எந்த நடை என்று பொருத்திப் பார்ப்பது மழைநாளுக்கு ஏற்ற நல்ல விளையாட்டு.

எந்த நாட்டில் எந்தக் குதிரை? எதிலிருந்து தொடங்குவது?

ஐஸ்லாந்துக் குதிரையின் நடைக்கு டோல்ட் என்று பெயர். நடக்கும் வேகத்திலிருந்து மணிக்கு முப்பது கிலோமீட்டர் வரை அதே தாளத்தில் போக வல்லது. உயரம் குறைவு, தோள்மட்டத்தில் ஏறக்குறைய 132 முதல் 142 செ.மீ. வரைதான். அதற்காக அங்கே போய் அதை மட்டக்குதிரை என்று சொல்லிவிடாதீர்கள், முகம் வாடிவிடும். நடை, துள்ளோட்டம், கேன்டர், டோல்ட் ஆகியவற்றோடு சில குதிரைகளுக்கு ஐந்தாவதாக ஸ்கேய்த் என்ற பந்தய நடையும் உண்டு. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து பறக்கும் அந்த நடை குறுகிய தூரத்துக்கானது. விடுமுறைச் சவாரியில் யாரும் அதைக் கேட்க வேண்டாம்.

தென்னமெரிக்காவில் மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும். பிரேசிலின் மங்கலார்கா மர்ஷடோர் மினாஸ் ஜெராயிஸ் மலைப்பகுதியில் உருவான இனம். 2014-இல் சட்டம் இயற்றி அதைத் தேசியக் குதிரை இனமாக அறிவித்தார்கள். அதன் நடையில் இரண்டு வகை: துள்ளோட்டத்துக்குச் சற்று அருகில் நிற்கும் பதீதா, ஒருபக்கக் கால்கள் ஒன்றையொன்று தொடரும் பிகாதா. பிகாதாதான் மெத்தை. பெருவின் பாசோ குதிரை முன்னங்கால்களை நீச்சல்காரர் கைவீசுவதுபோல் தோளிலிருந்து வெளிப்பக்கம் சுழற்றி வைக்கும்; பார்க்கவே ஒரு டிக்கெட் வாங்கலாம். கொலம்பியாவிலும் புவெர்த்தோ ரிக்கோவிலும் உள்ள பாசோ ஃபீனோ மிகக் குறுகிய அடிகளைச் சடசடவென்று வைக்கும். போட்டிகளில் அதைப் பலகைமேல் நடக்கவிட்டுத் தாளத்தைக் காதால் சோதிப்பார்கள்.

அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் ஹார்ஸ் தலையை ஆட்டி ஆட்டி நீளமாக அடிவைக்கும். மிசூரி ஃபாக்ஸ் டிராட்டர் ஓசார்க் மலைப்பாதைகளில் பெயர் வாங்கியது. இந்தியாவில், ராஜஸ்தானின் மார்வாரிக் குதிரைகள் பலவற்றுக்கு ரேவால் என்ற மென்னடை உண்டு. காதுகளின் நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் குதிரை அதுதான். ஆனால் எல்லா மார்வாரிக்கும் அந்த நடை வாய்ப்பதில்லை. முன்பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ள வேண்டும். புதியவர்களுக்கு நான் சொல்வது: ஐஸ்லாந்துப் பண்ணை ஒன்றில் தங்கி, பகலில் போய் இரவில் அதே கட்டிலுக்குத் திரும்பும் சவாரி. பாலைவனம், மலை, கூடாரம் எல்லாம் இரண்டாவது முறைக்கு இருக்கட்டும்.

எனக்குக் குதிரையேறவே தெரியாது. குலுக்காது என்றால் நேராகப் போய் ஏறிக்கொள்ளலாமா?

ஒரு மணி நேரச் சவாரிக்குப் போகலாம். ஆறு நாள் பயணத்துக்குக் கூடாது. குலுக்கல் இல்லை என்பதால் நீங்கள் விழாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அதற்காகக் குதிரையை ஓட்டத் தெரிந்துவிட்டது என்று பொருளில்லை. நிறுத்தவும், திருப்பவும், முன்னால் போகும் குதிரையின் பின்புறத்திலிருந்து ஒரு குதிரை நீளம் தள்ளி நிற்கவும் தெரிய வேண்டும். இந்தக் குதிரைகள் சோம்பேறிகள் அல்ல. முன்னால் ஒன்று கிளம்பினால் பின்னால் இருப்பதும் கிளம்பும்.

போவதற்கு முன் அருகிலுள்ள சவாரிப் பள்ளியில் பத்துப் பாடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது குலுக்கும் குதிரையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அங்கே கற்க வேண்டியது கடிவாள வாரைப் பிடித்துத் தொங்காமல் சமநிலையில் உட்காருவது. கீழே விழப்போகிறோம் என்ற பயத்தில் வாரை இழுக்கிறவர்களைத்தான் குதிரைக்குப் பிடிக்காது. இழுபட்ட வாய் இறுகும். வாய் இறுகினால் முதுகு இறுகும். முதுகு இறுகினால் நடை கெடும்.

இடுப்பு வலிக்காரன் நான். எனக்கு ஒத்துவருமா?

இது மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. வட்டு விலகல், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்மானம் இருந்தால் கேட்காமல் ஏறக்கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உட்கார்ந்திருப்பது மட்டுமே சவாரி அல்ல.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். மேலும் கீழும் அடிக்கும் அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது; அதனால் முதுகு வலிக்காரர்கள் பலர் இந்தக் குதிரைகளையே நாடுகிறார்கள். ஆனால் ஐந்து மணி நேரம் காலை அகட்டி உட்காருவதால் வரும் வலி எந்த நடைக்கும் பொது. இரண்டாம் நாள் மாலை எனக்கு வலித்தது முதுகு அல்ல, முழங்காலும் உள்தொடையும். மணிக்கொரு முறை இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அங்கவடியின், அதாவது காலை ஊன்றும் வளையத்தின், வாரை ஒரு துளை நீட்டிக்கொள்வதும் உதவும்.

என் எடை 92 கிலோ. அந்தக் குட்டிக் குதிரை பாவம் இல்லையா?

கேட்டதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஐஸ்லாந்துக் குதிரைக்கு எடை 350 கிலோ என்று வைத்தால் 70 கிலோதான் வருகிறது. நடைமுறையில் அங்கே அதைவிடக் கூடுதல் எடையுள்ளவர்களும் நாள்தோறும் ஏறுகிறார்கள்; உயரத்தை மீறிய வலு அந்த இனத்துக்கு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு பண்ணையும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கும். அந்த வரம்பைச் சொல்லாத பண்ணையை நான் நம்பமாட்டேன். 92 கிலோவுக்கு, 400 முதல் 550 கிலோ வரை நிற்கும் டென்னசி இனத்தில் பெரிய குதிரையாகப் பார்த்துக் கேட்பது பொருத்தம். ஐஸ்லாந்தேதான் வேண்டும் என்றால் குறுகிய சவாரி, நடுவில் குதிரை மாற்றம்.

எடையைக் குறைத்து எழுதாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் பன்னிரண்டு கிலோவை விழுங்கிவிட்டு விண்ணப்பம் எழுதியிருந்தார். காலையில் அவரை ஒரு பார்வை பார்த்த வழிகாட்டிப் பெண், ஒன்றும் சொல்லாமல், பூட்டியிருந்த சேணத்தை அவிழ்த்து வேறொரு குதிரைக்கு மாற்றினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவார்கள்? குதிரை களைத்துவிடாதா?

பண்ணைச் சவாரி என்றால் இரண்டு முதல் நான்கு மணி நேரம். நெடும்பயணத்தில் ஒரு நாளைக்கு 25 முதல் 40 கி.மீ. வரை. ஐஸ்லாந்தில் லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல் என்ற இரண்டு பனிப்பாறைகளுக்கு நடுவே போகும் கியோலூர் பாதை இதற்குப் பேர்போனது.

களைப்புக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சேணமில்லாத குதிரைகள் ஒரு மந்தையாகக் கூடவே ஓடிவரும். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பாதையோரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் வட்டமாக நிற்போம். அந்தக் கயிறுதான் பட்டி. மந்தை உள்ளே வந்ததும், களைத்த குதிரையின் சேணத்தை அவிழ்த்துப் புதிய குதிரைக்குப் பூட்டுவார்கள். விடுபட்ட குதிரை உடனே மண்ணில் விழுந்து புரண்டு, சேணம் இருந்த இடத்து வியர்வையைத் தேய்த்துக்கொண்டு, எழுந்து ஒரு முறை சிலிர்த்துவிட்டு மந்தையோடு சேர்ந்துகொள்ளும். அடுத்த கட்டத்தில் அது சுமையில்லாமல் ஓடும். ஒரே நாளில் மூன்று குதிரைகளின் தகதிமியை உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பது நமக்கு லாபம். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

எந்த மாதத்தில் போவது?

ஐஸ்லாந்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. செப்டம்பரில் மலையில் மேயும் ஆடுகளைத் திரட்டிக் கொண்டுவரும் நாட்களில் குதிரைக்காரர்களோடு சேர்ந்துகொள்ளலாம், ஆனால் அது தேர்ந்தவர்களுக்கு. ராஜஸ்தான் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பெருவின் மலைப்பகுதியும் மினாஸ் ஜெராயிஸும் மே முதல் செப்டம்பர் வரை வறண்டிருக்கும். டென்னசி, மிசூரிப் பக்கம் வசந்தமும் இலையுதிர்காலமும்.

என்ன உடுத்துவது? சொந்தச் சேணம், கையுறை எடுத்துப்போகலாமா?

உள்தொடைப் பக்கம் தடித்த தையல் இல்லாத கால்சட்டை முதல் தேவை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தவர்களின் இரண்டாம் நாள் நடையைப் பார்த்தால் நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. அங்கவடியில் கால் நழுவி உள்ளே போய்விடாதபடி சிறு குதியுள்ள, அடிப்பாகம் வழவழப்பான பூட்ஸ். ஆழமான பள்ளங்கள் கொண்ட மலையேற்றக் காலணி மாட்டிக்கொள்ளும். தலைக்கவசம் கட்டாயம், பெரும்பாலான பண்ணைகளே தரும். தொப்பியோடு படம் எடுத்துக்கொள்ள ஆசையிருந்தால் இறங்கி நின்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐஸ்லாந்துக்குப் பயன்படுத்திய சேணம், கடிவாளம், சவாரிக் கையுறை, சாட்டை எதையும் கொண்டுபோகக் கூடாது, சட்டப்படி தடை. பயன்படுத்திய சவாரி உடைகளையும் பூட்ஸையும் துவைத்து, கிருமிநீக்கம் செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

அந்தத் தீவுக்குள் வெளிநாட்டுக் குதிரை நுழைவதில்லை. தடை 982-ஆம் ஆண்டிலேயே தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுகளாக வெளியார் தொடர்பு இல்லாததால், பிற நாடுகளில் சாதாரணமாக உலவும் நோய்களுக்கு அங்குள்ள குதிரைகளிடம் எதிர்ப்புச் சக்தி இல்லை. 2010-இல் ஒரு தொற்று இருமல் நாடு முழுவதும் பரவி, லான்ட்ஸ்மோட் என்ற தேசியக் குதிரைத் திருவிழாவையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஒரு முறை வெளியே போன குதிரைகூடத் திரும்பி வர முடியாது. உலகச் சாம்பியன் போட்டிக்கு வெளிநாடு போகும் குதிரையை, ஜெயித்தாலும் தோற்றாலும், அதை வளர்த்தவர் அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்.

விழுந்துவிட்டால்?

விழலாம். குலுக்காத குதிரையும் பறவை எழுந்தால் மிரளும், கால் இடறும். விழும்போது கடிவாள வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இழுபடாதீர்கள். விட்டுவிடுங்கள், குதிரை மற்றக் குதிரைகளிடம்தான் போகும். தலையில் அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக் கூடாது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே அதன் வேலை முடிந்திருக்கும்.

பயணக் காப்பீட்டில் குதிரைச் சவாரி சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் அதைச் சாகச விளையாட்டு என்று தனியே ஒதுக்கிவைத்திருக்கும்.

ஆற்றை எல்லாம் குதிரைமேலேயே கடக்க வேண்டுமாமே? எனக்கு நீச்சல் தெரியாது.

கடக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் குதிரையின் முழங்கால் அளவு, சில இடங்களில் வயிறு அளவு. ஆழத்தை வழிகாட்டி முன்னால் போய்ப் பார்த்துவிடுவார். நீச்சல் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். உங்களை நடுவில் வைத்துக்கொள்வார்கள்.

எங்களுக்குச் சொல்லப்பட்ட விதி ஒன்றே ஒன்று: தண்ணீரைப் பார்க்காதே, எதிர்க்கரையில் ஒரு கல்லைப் பார். முதல் ஆற்றில் நான் கீழே பார்த்துவிட்டேன். பனிப்பாறை உருகி வரும் சாம்பல் நிறத் தண்ணீர், அடி தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு நின்றுபோய், குதிரையும் நானும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றியது. உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. குதிரை நீரோட்டத்துக்கு எதிராகத் தன் பாரத்தைச் சாய்த்து, ஒவ்வொரு காலாக அடியிலிருக்கும் கல்லைத் தடவித் தடவி ஊன்றிக்கொண்டிருந்தது. நான் சாய்ந்ததும் ஒரு நொடி நின்றது. தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தேன், மறுபடி நடந்தது. பூட்ஸுக்குள் புகுந்த குளிர் மாலைவரை போகவில்லை.

குலுக்காது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். என் குதிரை பாதி நாள் இடமும் வலமுமாக ஆட்டியது. ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. தகதிமி என்பது இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஓடும் வரப்பு. ஒரு பக்கம் சரிந்தால் துள்ளோட்டம்: மேலும் கீழும் தூக்கிப்போடும். மறுபக்கம் சரிந்தால் ஒருபக்கக் கால்கள் சேர்ந்து நகரத் தொடங்கும்: படகுபோல் இடமும் வலமும் ஆட்டும். உங்களுக்கு நேர்ந்தது இரண்டாவது. தரையும் ஒரு காரணம்: கெட்டியான சமதள மண்பாதையில் நடை அழகாக அமையும், சேற்றிலும் ஆழ்ந்த மணலிலும் இறக்கத்திலும் கலையும். ஏற்றத்தில் பல குதிரைகள் கேன்டருக்குத் தாவிவிடும்.

ஆனால் பெரிய காரணம் மேலே உட்கார்ந்திருப்பவர். இறுகிய வாய், இறுகிய முதுகு என்று முன்பு சொன்னேனே, அதுதான். ஆட்டம் தொடங்கினால் அதே வேகத்தில் போராடாதீர்கள். நடைக்குக் கொண்டுவாருங்கள், மூச்சை விடுங்கள், வாரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், இடமும் வலமுமாக இரண்டு வளைவு திருப்புங்கள், மறுபடி மெதுவாகத் தொடங்குங்கள். மாறாகத் துள்ளல் வந்தால் நிமிர்ந்து, பாரத்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து, கைகளைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். மூன்றாம் நாளில் உங்கள் இடுப்பே இதையெல்லாம் செய்துவிடும். அப்போதும் ஆட்டினால் வழிகாட்டியிடம் வேறு குதிரை கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

நான் பத்து வருடமாகத் துள்ளோட்டக் குதிரை ஓட்டுகிறவன். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடாக இருக்குமே?

முதல் நாள் உங்களைவிடப் புதியவர்கள் நன்றாகப் போவார்கள். துள்ளோட்டத்தில் பழகிய உடம்பு தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காரும், முன்பக்கம் சாயும், காலால் அணைத்துக்கொண்டே இருக்கும். இந்தக் குதிரைக்கு அந்த மூன்றும் வேறு கட்டளைகளாகப் போய்ச் சேர்கின்றன. எழுந்தால் துள்ளட்டுமா என்று கேட்கும், அணைத்தால் இன்னும் வேகமா என்று கேட்கும். எங்கள் குழுவில் பரிசுகள் வாங்கிய ஒரு பெண்மணி முதல் நாள் மாலை, "நாளைக்கு ஒன்றும் தெரியாதவளாக வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப்போனார். மறுநாள் எல்லோரையும் தாண்டிப் போனார்.

பண்ணைக்காரர்கள் குதிரையை நன்றாக நடத்துகிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

கொஞ்சம் முடியும். எடை வரம்பு என்ன, ஒரு குதிரை வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்கிறது, ஓர் ஆளுக்கு எத்தனை குதிரைகள் என்று எழுதிக் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளை விரும்புவார்கள், பத்தி பத்தியாகப் பதில் எழுதுவார்கள். போய்ச் சேர்ந்ததும் சேணம் போடுவதற்கு முன் குதிரையின் முதுகையும், வயிற்றுப் பட்டை உரசும் இடத்தையும் தடவிப் பாருங்கள். புண், முடி கொட்டிய திட்டு, தொட்டவுடன் முதுகை அமுக்கிக்கொள்ளும் அசைவு, சேணத்தைக் கண்டதும் காதுகளைப் பின்னால் படுக்கவைப்பது எல்லாம் செய்திகள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பண்ணையில் வயிற்றுப் பட்டைக்கடியில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் பச்சைப் புண்ணோடு ஒரு குதிரையை எனக்குக் கொடுத்தார்கள். ஏறமாட்டேன் என்றேன். அன்றைக்குச் சவாரி இல்லாமல் போயிற்று, பணமும் திரும்பவில்லை.

டென்னசி இனத்தைப் பொறுத்தவரை கூடுதலாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காட்சிப் போட்டிகளில் முன்னங்காலை மிகையாகத் தூக்கவைப்பதற்காகக் கணுக்காலில் எரிச்சலூட்டும் ரசாயனம் தடவும் கொடுமை நடந்ததால்தான் 1970-இல் அங்கே குதிரைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாதைச் சவாரிக்கு அந்த மிகை நடை தேவையே இல்லை. சாதாரண லாடம் அல்லது வெறும் குளம்பு, அவ்வளவு போதும். முன்னங்காலில் அடுக்கடுக்காகத் தடித்த கட்டை வைத்த குதிரைகளைப் பெருமையாகக் காட்டும் இடத்தில் இறங்கவே வேண்டாம்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பண்ணைச் சவாரிக்கு அழைத்துப் போகலாம்; வயது வரம்பைப் பண்ணையிடம் கேளுங்கள். மந்தையோடு போகும் நெடும்பயணம் பிள்ளைகளுக்கு அல்ல. குழந்தைக்கு ஆசையா, உங்களுக்கு ஆசையா என்பதையும் கிளம்புவதற்கு முன் தீர்த்துக்கொள்ளுங்கள்.

காணொளியில் ஒருவர் நிரம்பிய பீர்க் கோப்பையோடு ஓட்டுகிறார், ஒரு துளி சிந்தவில்லை. உண்மையா, வித்தையா?

உண்மைதான். ஐஸ்லாந்தில் அதை வேடிக்கைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். ஆனால் அது சமன்படுத்திய தடம், தேர்ந்த குதிரை, பல வருடம் ஓட்டிய கை. நான் மூடியில்லாத தண்ணீர்ப் புட்டியை ஒரு கையில் பிடித்து, சமமான மண்பாதையில் முயன்று பார்த்தேன். முதல் ஐம்பது அடிக்குள் முழங்கைவரை நனைந்தது. வழிகாட்டி அதே புட்டியை நிரப்பி, அதே குதிரையில் ஏறி, பாதைக் கடைசிவரை போய்த் திரும்பிவந்து, குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

இதில் பழகிவிட்டால் பிறகு சாதாரணக் குதிரை பிடிக்காமல் போய்விடும் என்கிறார்களே?

எனக்கு ஒரு மாதம் பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பழைய சவாரிப் பள்ளியின் கிழட்டுக் குதிரை மேல் ஏறியபோது, துள்ளோட்டத்தின் முதல் அடியிலேயே பல் கிட்டித்தது. அது என்னைத் திரும்பிப் பார்த்தது. இப்போது பழையபடி அதற்கு எழுந்து எழுந்து உட்காருகிறேன். அடுத்த ஜூனுக்குக் கியோலூர் பாதையில் இடம் பதிந்தும் வைத்திருக்கிறேன்.